பாலங்களின் பராமரிப்புப் பதிவுகளும் அறிவு மாதிரியும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் வீதி வேலையிலும் குள வேலையிலும் இருப்பவர்களோடு உட்கார்ந்து, பழைய பாலப் பதிவுகளைக் கணினிக்குள் ஒழுங்காகக் கொண்டுவரும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

அறிவு மாதிரி எண்டா என்ன? விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ.

ஒரு துறையில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு, எந்த விதிக்கு அவை கட்டுப்படும் என்பதை மனிதரும் கணினியும் ஒரே அர்த்தத்தில் வாசிக்கும்படி எழுதிவைப்பது. ஒன்டோலொஜி என்று நீங்கள் கேள்விப்பட்டதும் இதுதான். பாலத்துக்குத் தூண் உண்டு. தூணுக்கு அத்திவாரம் உண்டு. அத்திவாரத்தடியில் வெள்ளம் மண்ணை அரிக்கும். அரித்தால் தூண் இறங்கும். அனுபவமுள்ள ஓவசியர் ஒருவர் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் பாலத்துக்குக் கீழே இறங்குகிறார். அவர் மனதில் உள்ள அந்தத் தொடர்பை எழுத்தாக்குகிறோம்.

எழுதும் முறை எளிது. ஒவ்வொரு தகவலும் மூன்று துண்டுள்ள வசனம்: "இரண்டாம் தூண் – பகுதி – இந்தப் பாலம்". "வெடிப்பு 14 – காணப்பட்ட இடம் – இரண்டாம் தூண்". இப்படி ஆயிரக்கணக்கான வசனங்கள் ஒன்றோடொன்று கொளுவி வலையாகும்போது அதை அறிவு வரைபடம் என்கிறோம்.

இது எக்செல்லிலயே செய்யலாமே? ஏன் புதுசா ஒண்டு?

இருபது மதகும் ஒரு அலுவலகமும் என்றால் எக்செல் தாராளமாகப் போதும். அதைவிட்டு இதற்கு வரச்சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

சிக்கல் தொடங்குவது, ஒரு பாலத்துக்கு ஒரு வரி என்று போட்டுக்கொண்டு போய், அந்தப் பாலத்தில் ஆறு தூண், ஒரு தூணில் மூன்று வெடிப்பு, அதில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு தடவை பூச்சு என்று வரும்போது. "வெடிப்பு 1", "வெடிப்பு 2", "குறிப்பு", "வேறு குறிப்பு" என்று நிரல்கள் வளரும். கடைசியில் முக்கியமான எல்லாம் "குறிப்பு" என்ற நிரலுக்குள் வசனமாகப் போய் விழுந்துவிடும். பிறகு, "உப்புத் தண்ணீர் படும் இடத்தில், துருக்கறையோடு வெடித்து, மேற்பூச்சு மட்டும் பூசி விட்ட தூண்கள் எவை?" என்று கேட்டால் அந்தத் தாளால் பதில் சொல்ல முடியாது. தகவல் அதற்குள் இருக்கும். ஆனால் கேள்விக்கு எட்டாது.

பாலம், மதகு, தாம்போதி எல்லாத்தையும் ஒரே பட்டியலில போடலாமோ?

ஒரே மாதிரிக்குள் போடலாம், ஆனால் வகை பிரித்துத்தான் போடவேண்டும். "வெள்ளம் மேலால் பாய்ந்தது" என்ற ஒரு வரியை எடுங்கள். தாம்போதிக்கு அது சாதாரண விஷயம். மேலால் தண்ணீர் போகட்டும் என்றுதான் அதைத் தாழ்வாகக் கட்டுகிறார்கள். குழாய் மதகுக்கு அதே வரி, குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது அளவு போதாது என்று சொல்லும். பெரிய பாலத்துக்கு அது அவசரச் செய்தி.

சொல் ஒன்று, அர்த்தம் மூன்று. எந்த வகைக் கட்டமைப்பு என்று தெரியாமல் கணினி அந்த வரியை எண்ணிக்கொண்டிருந்தால், வருடத்துக்கு நாலு தடவை நீர் மூடும் தாம்போதிதான் மாவட்டத்திலேயே ஆபத்தான "பாலம்" என்று முதலிடத்தில் வந்து நிற்கும். வகைகளைச் சரியாகப் பிரித்ததற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரே பாலத்துக்கு நாலு பேர் கிடக்கு. எந்தப் பேரை வைக்கிறது?

எல்லாப் பெயரையும் வையுங்கள். ஒன்றையும் அழிக்கவேண்டாம். ஆனால் எந்தப் பெயரையும் அடையாளமாக வைக்காதீர்கள். அடையாளத்துக்கு அர்த்தமில்லாத ஒரு இலக்கம் போதும். பெயர்கள் அந்த இலக்கத்தில் தொங்கட்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள்வீதிகள் பிரதேச சபைக்கு, வாய்க்கால் மதகுகள் பலதும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. வீதிக்காரர் வீதி இலக்கமும் தூரமும் எழுதுவார். நீர்ப்பாசனக்காரர் வாய்க்காலின் பெயரை எழுதுவார். ஊரில் கேட்டால் பக்கத்துக் கோயிலின் பெயரைச் சொல்வார்கள். நாலும் ஒன்றுதான் என்று ஒருவர் போய்ப் பார்த்து உறுதிசெய்து ஒருமுறை எழுதினால், நாலு அலுவலகப் பதிவும் அன்றைக்கே ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

தூர இலக்கத்தில் கவனம் வேண்டும். கிளிநொச்சியில் "155ஆம் கட்டை" என்று இன்றைக்கும் சொல்கிறோம். அது பழைய மைல் கணக்கு. கண்டியிலிருந்து 155 மைல் என்றால் ஏறத்தாழ 249 கிலோமீற்றர். பழைய கோப்பில் "155க்குக் கிட்ட உள்ள மதகு" என்று இருப்பதை யாராவது கிலோமீற்றர் என்று பதிந்துவிட்டால், அந்த மதகு 90 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய் உட்கார்ந்துவிடும். அதனால் எந்த இலக்கத்தோடும் அலகையும், எங்கிருந்து அளந்தது என்பதையும் கட்டாயம் எழுதவைக்கிறோம். கைப்பேசியால் எடுத்த அமைவிடம் ஒன்றையும் சேர்த்துவிட்டால் பிறகு வாக்குவாதமே இல்லை.

பழைய பாலம் உடைஞ்சு அதே இடத்தில புதுசு கட்டினா, அது அதே பாலமோ வேற பாலமோ?

வேறு பாலம், அதே கடவை. எங்கள் மாதிரியில் இவை இரண்டும் தனித்தனிப் பொருட்கள். "கடவை" என்பது வீதி நீரைக் கடக்கும் இடம். "கட்டமைப்பு" என்பது அந்த இடத்தில் ஒரு காலத்தில் நிற்கும் பொருள். சங்குப்பிட்டியை நினைத்துப் பாருங்கள். முன்பு அங்கே "பாதை" என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கேரதீவுக்குப் போனோம். 2011 ஜனவரியில் 288 மீற்றர் பாலம் திறந்தார்கள். கடவை ஒன்று, அதைக் கடந்த விதம் மாறியது. முல்லைத்தீவில் நந்திக்கடலின் முகத்துவாரத்தைக் கடக்கும் வட்டுவாகல் பாலமும் அப்படித்தான். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அந்தப் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியதைக் கட்டும் வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கியது. புதிய பாலத்துக்குப் புதிய கோப்பு வேண்டும். ஆனால் அந்த நீரோட்டம், உப்பு, மண் பற்றிப் பழைய பாலம் சொன்ன செய்திகள் கடவையோடு இருந்து புதிய பாலத்துக்கும் உதவவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுக்குப் பிறகு, கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி பெய்லி பாலம் (உருக்குச் சட்டங்களைப் பொருத்தி விரைவாகப் போடும் பாலம்) போட்டார்கள். தற்காலிகப் பாலமும் ஒரு கட்டமைப்புத்தான். அதற்கும் எடை எல்லை உண்டு, ஆணி தளர்ந்ததா என்று பார்க்கும் வேலை உண்டு. தற்காலிகம் என்று பதிவில்லாமல் விட்டால் அந்தக் கடவையின் கதையில் நடுவில் ஒரு ஏடு இல்லாமல் போய்விடும்.

"சிறு வெடிப்பு", "பரவாயில்லை", "திருத்தப்பட்டது" எண்டுதான் எழுதியிருக்கு. இதை வச்சு என்ன ஆய்வு?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு களக்குறிப்பேட்டைப் பார்த்தேன். மூன்று வருடம் தொடர்ந்து, மூன்று கையெழுத்தில், "வலது பக்கத் தூணில் சிறு வெடிப்பு". நேரில் போய்ப் பார்த்தோம். வெடிப்பு தூணின் நீளத்துக்கு, உள்ளே கம்பி போகும் கோட்டிலேயே நேராக இறங்கியிருந்தது. விளிம்பில் தேத்தண்ணி நிறத்தில் கறை. விரல் மொழியால் தட்டினால் வெற்றுச் சத்தம். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, துரு உருக்கைவிடக் கூடிய இடம் எடுப்பதால் கொங்கிறீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாரத்தால் வளைந்து வரும் வெடிப்பு வேறு திசையில் போகும், வேறு இடத்தில் வரும். "சிறு வெடிப்பு" என்ற இரண்டு சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இன்னொன்று, எது வலது? பரந்தனிலிருந்து வருபவருக்கு வலது, முல்லைத்தீவிலிருந்து வருபவருக்கு இடது. அந்த மூன்று குறிப்பும் ஒரே தூணைத்தான் சொல்கின்றனவா என்பதே சந்தேகம். அதனால் இடது, வலது என்ற சொற்களை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டோம். "முல்லைத்தீவுப் பக்கம்", "தண்ணீர் வரும் பக்கம்", "தண்ணீர் போகும் பக்கம்" என்று எழுதவேண்டும்.

பழைய குறிப்பைத் திருத்தி எழுதவேண்டாம். அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும். "வெடிப்பு, வகை தெரியாது" என்று பதிந்துவிடுங்கள். இனி எழுதுபவர்களுக்கு மட்டும் எந்த உறுப்பு, எந்தத் திசை, என்ன நீளம், என்ன அகலம், கறை உண்டா, ஈரமா என்று ஆறு கேள்வி. நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். "திருத்தப்பட்டது" என்ற சொல்லையும் அப்படியே விடக்கூடாது. பூச்சுப் பூசியதும் திருத்தம், துருப்பிடித்த கம்பியை வெட்டிப் புதுக் கம்பி வைத்ததும் திருத்தம். முதலாவது வெடிப்பை மறைக்கும், இரண்டாவது காரணத்தைத் தொடும்.

சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் கிடக்கிற கோப்புகள்?

மாதிரியில் ஒரு பொருளுக்கு எத்தனை மொழியிலும் பெயர் ஒட்டலாம். "மதகு", "போக்கு", "கல்வேட்" மூன்றும், அவற்றின் சிங்களச் சொல்லும் ஒரே வகையைக் காட்டட்டும். தமிழில் தேடினாலும் சிங்களக் கோப்பு கிடைக்கும். ஊர்ச்சொற்களையும் சேருங்கள். "துலுசு", "வான்" (குளத்தின் மிகைநீர் வெளியேறும் வழி), "அலைகரை" எல்லாம் பதிவேடுகளில் வருகின்றன. அவற்றை வெட்டிவிட்டுக் கலைச்சொல் பட்டியலில் உள்ளதை மட்டும் வைத்தால், எழுதினவரின் கோப்பை அவரே தேடி எடுக்கமுடியாது.

2009க்கு முந்தின கோப்பு ஒண்டும் எங்களிட்ட இல்லை. அப்ப இது சரிவருமோ?

சரிவரும், ஒரு விஷயத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டால். பதிவு இல்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இடம்பெயர்ந்த அலுவலகங்கள், எரிந்த கட்டடங்கள், பெட்டியோடு போன பைல்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சாதாரணத் தரவுத்தளம் வெறுமையான இடத்தைப் பார்த்து "திருத்த வேலை: 0" என்று எண்ணும். அறிவு மாதிரிகளின் அடிப்படை மொழியான ஆவுல், எழுதப்படாததைப் "பொய்" என்று எடுக்காது, "தெரியாது" என்றுதான் எடுக்கும். இதைத் திறந்த உலக எடுகோள் என்பார்கள். எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான எடுகோள் இருக்கமுடியாது என்று நான் நினைக்கிறேன்.

ஆட்களின் நினைவையும் பதிவாக எடுங்கள். அந்தக் காலத்தில் அந்த மதகில் வேலைசெய்த மேசன், 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் எதுவரை தண்ணீர் வந்தது என்று சுவரில் கைவைத்துக் காட்டும் விவசாயி. "வாய்மொழி, இன்ன திகதியில் கேட்டது" என்று வகைகுறித்துப் பதிந்தால் அது முழுமையான சான்று. அவர்களிடம் கேட்கும் காலம் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் என் கவலை.

குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர. பாலம் வீதிக்காரற்ற. ரெண்டையும் ஏன் சேர்க்கிறியள்?

தண்ணீருக்குத் திணைக்களம் தெரியாது. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் கனகராயன் ஆற்றில் இறங்கும் வெள்ளம் கீழே உள்ள ஒவ்வொரு பாலத்தின் காலையும் தொட்டுத்தான் கடலேரிக்குப் போகும். 2018 டிசெம்பரில் ஒரே இரவு மழையோடு கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கதவு எப்போது எத்தனை அடி திறந்தது என்பது ஒரு அலுவலகத்தில். தூணடி மண் எப்போது அரித்தது என்பது இன்னொன்றில். சேர்த்து வாசித்தால்தான் காரணம் தெரியும்.

மாதிரியில் நாங்கள் எழுதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு கட்டமைப்பு ஒரு ஆற்றைக் கடக்கிறது, அந்த ஆற்றுக்கு ஒரு குளத்தின் வான் இறங்குகிறது, அந்தக் குளத்தின் கதவு திறந்தது என்றால், வெள்ளம் வடிந்தபிறகு அந்தக் கட்டமைப்பின் அடியைப் பார்க்கவேண்டும். கதவு திறந்த திகதியை மட்டும் பதிந்தால் போதும். எந்தெந்தப் பாலத்துக்குப் போகவேண்டும் என்ற பட்டியல் தானாக வரும். வெள்ளம் நிற்கும்போது மேலே நன்றாகத் தெரியும் பாலத்துக்குக் கீழே, வடிந்த பிறகு பார்த்தால் ஒரு ஆள் குனிந்து நுழையும் குழி இருக்கும். வடிந்து சில நாளில் மணல் வந்து அந்தக் குழியை மூடியும்விடும். மூடிய மணல் பழைய மண்ணைப்போல் தாங்காது. அதனால்தான் உடனே போகச் சொல்கிறோம்.

கணினி தானாக் காரணம் கண்டுபிடிக்குமோ?

நாம் எழுதிய விதிகளின்படி ஊகிக்கும். மேலே சொன்ன வான்கதவு விதி அப்படியொரு ஊகம். அதற்கு மேல் இல்லை. துருக்கறை, கம்பிக் கோட்டில் வெடிப்பு, உப்பு நீர் மூன்றும் சேர்ந்தால் "உப்பால் வந்த துருவாக இருக்கலாம்" என்று சொல்லும். ஏன் சொன்னேன் என்று மூன்று சான்றையும் காட்டும். இருக்கலாம் என்பதை ஆம் என்று மாற்றுவது பாலத்தடியில் நிற்கும் ஆளின் வேலை.

ரெண்டு பதிவு ஒண்டுக்கொண்டு முரண்பட்டா எதை நம்பிறது?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகவலோடும் யார், எப்போது, எப்படிப் பார்த்தார் என்பது சேர்ந்தே இருக்கவேண்டும். ஒருவர் மார்கழியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது மேலேயிருந்து பார்த்து "நல்ல நிலை" என்றார். இன்னொருவர் ஆவணியில் வரண்ட ஆற்றுக்குள் இறங்கி "அத்திவாரம் தெரிகிறது" என்றார். இருவரும் தாம் பார்த்ததைத்தான் எழுதினார்கள். தண்ணீர் மட்டத்தையும் பதிவில் சேர்த்தவுடன் முரண்பாடு போய்விடுகிறது.

வேற நாட்டு மாதிரிகள் இருக்கே, அதையே எடுக்கேலாதோ?

எடுக்கலாம், பகுதி பகுதியாக. கட்டட விவரத்துக்கான ஐஎஃப்சி தரத்தில் இப்போது பாலங்களும் வீதிகளும் உண்டு. அந்தப் பதிப்பு 2024இல் ஐஎஸ்ஓ 16739-1 ஆக வந்தது. அமெரிக்காவில் 1967 டிசெம்பரில் சில்வர் பிரிட்ஜ் இடிந்து 46 பேர் இறந்தபின் 1971இல் தேசிய ஆய்வு விதிகள் வந்தன. அங்கே பாலத்தின் நிலைக்கு 0 முதல் 9 வரை எண் கொடுக்கிறார்கள். உறுப்புகளின் பெயரும் பகுதி–முழு உறவும் அங்கிருந்து கிடைக்கும். குளத்து வானுக்குக் கீழே இருக்கும் தாம்போதியை நாங்கள்தான் எழுதவேண்டும்.

என்ன சொஃப்ட்வெயர்? காசு வேணுமோ?

வேண்டாம். அறிவு மாதிரி எழுதுவதற்கான ஸ்டான்ஃபோர்டின் புரொட்டேஜே என்ற மென்பொருள் இலவசம். வசனங்களை ஆர்டிஎஃப் வடிவில் வைத்து ஸ்பார்க்கிள் மொழியில் கேள்வி கேட்கலாம். பிழையான பதிவைப் பிடிக்க ஷாக்கிள் உண்டு. சாதாரண மடிகணினி போதும்.

சார், ஸ்கேன் பண்ணின பைலெல்லாத்தையும் ஏஐயிட்டக் குடுத்தா அது செய்யாதா?

உதவி செய்யும். கையெழுத்தை வாசித்து "இது தூண், இது வெடிப்பு, இது திகதி" என்று பிரித்துத் தரும். ஆனால் வாசிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பிவிடும், ஊகித்தது என்று சொல்லாமலே. அதனால் அது எடுத்த ஒவ்வொரு தகவலும் அந்தப் பக்கத்தின் படத்தோடு கட்டியிருக்கவேண்டும். ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை "சரிபார்க்காதது" என்றே நிற்கவேண்டும். இங்கேதான் மாதிரி காவலாளியாகவும் வேலைசெய்யும். தாம்போதிக்கு விரிவு மூட்டு (பாலத் தளம் வெயிலில் விரிய விடும் இடைவெளி) என்று வந்தால், கட்டிய வருடத்துக்கு முன்னால் திருத்த வேலை என்று வந்தால், உள்ளே விடாது. 155 கிலோமீற்றரில் கிளிநொச்சி என்று வந்தாலும்தான்.

அடுத்ததா எந்தப் பாலம் உடையும் எண்டு சொல்லுமோ?

சொல்லாது. சொல்லும் என்று யாராவது விற்க வந்தால் கவனமாக இருங்கள். 2007 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபோலிசில் ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அது குறைபாடுள்ள பாலம் என்று பல வருடமாகப் பதிவிலேயே இருந்தது. ஆனால் விழுந்ததற்கு முக்கிய காரணம், வடிவமைத்தபோதே இணைப்புத் தகடுகளின் தடிப்பு போதாமல் போனது. வருடாவருடம் துருவையும் வெடிப்பையும் பார்த்த பதிவில் அந்தக் கேள்வியே இல்லை.

எங்கள் மாதிரி சொல்லக்கூடியது வேறு. எந்தப் பாலத்தைக் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு ஒருவரும் இறங்கிப் பார்க்கவில்லை, எதன் வரைபடம் கையில் இல்லை, எதில் ஒரே இடத்தை மூன்று தடவை திருத்தியிருக்கிறோம். ஒரு மதகின் ஓரத்தில் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் கிரவல் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பதிவுகளைச் சேர்த்தபோதுதான் அது ஒரே இடம் என்று தெரிந்தது. தண்ணீர் வரும் பக்கமாகப் போய்ப் பார்த்தால், பக்கத்து வாய்க்கால் திரும்பிய பிறகு தண்ணீர் நேராகக் குழாய்க்கு வராமல் ஓரத்தில் மோதிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் கல்வலைப் பெட்டி அடுக்கினார்கள்.

இதைத் தொடங்கினவர் மாற்றலாகிப் போனா ஆர் பாக்கிறது?

இது நியாயமான பயம். நல்ல வேலை பல இப்படித்தான் நின்றிருக்கிறது. அதனால் மூன்று விஷயம் செய்கிறோம். முழுத் தரவும் எந்தக் கணினியிலும் திறக்கும் எழுத்துக் கோப்பாக இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் விளக்கம் மாதிரிக்குள்ளேயே இருக்கும். புதிதாக வரும் ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஒருவர் யாரையும் கேட்காமல் வாசிக்கலாம். அப்புறம், ஒக்டோபர் முதல் வாரத்தில், மழை தொடங்கமுன், ஒரு கட்டமைப்புக்கு ஒரு தாள் என்று அச்சடித்து அந்தந்த அலுவலகத்தில் கொடுக்கிறோம். மேலே படம், நடுவில் போன வருடம் கண்டது, கீழே பென்சிலால் எழுத வெற்றிடம். தை மாதம் முடிய அந்தத் தாள்களைத் திரும்ப வாங்கி, சேறு பட்டதையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதிகிறோம்.